அறைத்தோழி எடுத்த முளைப்பாரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நல்லவள்மேல் பொறாமைப்படுவதில் உள்ள கஷ்டம், அதை யாரிடமும் போய்ச் சொல்லிக்கொள்ள முடியாது. சொன்னால் கேட்கிறவர்கள் அவள் பக்கம் போய்விடுவார்கள்.

புதுக்கோட்டையில் பி.எட். படித்தபோது நாங்கள் மூன்று பேர் ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருந்தோம். மாடிவீடு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரே ஓர் அறை. ஒருத்தி உள்ளே நின்றால் இன்னொருத்தி வாசலில் நின்று கரண்டியை வாங்கிக்கொள்ள வேண்டிய சமையல்கட்டு. மொட்டை மாடிக்குப் போகிற வழியில் குளியலறை. கீழே வீட்டுக்காரம்மா இருந்தார். காலையில் ஒரு தடவைதான் மோட்டார் போடுவார். அதற்குள் மூன்று பேரும் குளித்து, துவைத்து, குடங்களையும் நிரப்பிவிட வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் மாடியில் நடக்கிற சண்டையைத் தெருவே கேட்கும்.

பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எங்கள் அறையில் இல்லை. ஊர்தான் பெயர். மூத்தவர் அறந்தாங்கி. கல்யாணமாகி, கணவர் வெளிநாட்டில் இருக்க, ஆசிரியை ஆகியே தீருவேன் என்று வந்தவர். எங்கள் இருவருக்கும் அக்கா. நான் குன்றாண்டார்கோவில். உண்மையில் என் ஊர் அங்கிருந்தும் உள்ளே போக வேண்டிய சின்ன ஊர், ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் கண்டக்டருக்கே தெரியாது. மூன்றாமவள் கோயம்புத்தூர். கவுன்சிலிங்கில் இந்த ஊர் விழுந்து, முகம் சுளிக்காமல் வந்து சேர்ந்தவள். அவள்தான் என் கதை.

நான் மாமா வீட்டுக் கல்யாணம் முடிந்து தாமதமாக வந்து சேர்ந்தேன். அதற்குள் ஜன்னலோரம் அவள் பாய் விரித்திருந்தாள். அந்த அறையில் மின்விசிறிக் காற்று நேராக விழுகிற இடம் அது ஒன்றுதான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ வேணா இங்க படுத்துக்கோ புள்ள, எனக்கு எங்கயும் தூக்கம் வருமுங்க" என்றாள். புள்ள என்றும் சொல்வாள், ங்க என்றும் முடிப்பாள். வேண்டாம் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுச் சுவரோரம் போய்ப் படுத்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது.

பாத்திரம் துலக்கும் முறை என்னுடையதாக இருந்தால் அவளே பாதியைத் துலக்கிவைப்பாள். கீழ் வீட்டம்மாவிடம் போய் அரைமணி நேரம் பேசிவிட்டு வருவாள், மறுநாள் மேலே பாயசம் வரும். எங்களிடம் துணி காயப்போடுவதற்குக்கூடச் சட்டம் பேசுகிற அந்த அம்மா, "கோயம்புத்தூர்ப் புள்ள இருக்காளா?" என்று படியிலிருந்து கேட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். பாயசம் என் தொண்டையில் இறங்காது. இறங்காவிட்டாலும் குடித்துவிடுவேன், அது வேறு விஷயம்.

இதெல்லாம் தாங்கக்கூடியதுதான். நான்கு பேர் இருக்கிற இடத்தில் ஒருத்தியை எல்லாருக்கும் பிடிப்பது உலக வழக்கம். தாங்க முடியாதது என் அம்மா வந்தபோது நடந்தது.

அம்மா மாதம் ஒருமுறை ஊரிலிருந்து அரிசி, கருவாடு, மிளகாய்த்தூள் எல்லாம் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவாள். முதல் தடவை வந்த அன்று நான் மேலே துணி பிழிந்துகொண்டிருந்தேன். இறங்கி வருவதற்குள் கோயம்புத்தூர்க்காரி கீழே ஓடிப்போய்ப் பையை வாங்கி, படியேற்றி, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள். நான் உள்ளே நுழையும்போது அம்மா அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், "எங்க பள்ளிக்கொடத்துல கபடின்னா நாந்தேன். என்னைய ஒருத்தி புடிக்க முடியாது, பாத்துக்க ஆத்தா."

என் அம்மா கபடி ஆடினாளா? இருபத்து சொச்சம் வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் எனக்கு அது தெரியாது. 

"இதெல்லாம் எங்கிட்டச் சொன்னதே இல்லையேம்மா?" என்றேன்.

"நீ எங்கடி கேட்ட?" என்றாள் அம்மா. அவள் சொன்னதில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

கோயம்புத்தூர்க்காரி கேட்டாள். கேட்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கருவாட்டுக்குழம்புக்குப் புளி எவ்வளவு, சின்ன வயதில் அம்மாவுக்கு யார் பூக்கட்டிக் கொடுப்பார்கள், அப்பாவை முதலில் எங்கே பார்த்தாள், எல்லாம் கேட்டாள். அம்மா அவளை "என்னத்தா", "வாத்தா" என்று வாய்நிறையக் கூப்பிட்டாள். என்னை எப்போதும்போல "ஏண்டி", ரொம்பப் பிரியமாக இருந்தால் "கழுதை". 

அம்மா ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் அவள் என் அம்மாவின் போனை வாங்கி, வாட்ஸப்பில் குரலைப் பதிந்து அனுப்புவது எப்படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டாள். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித் தட்டுவதற்குப் பொறுமை கிடையாது. நான் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்துப் பார்த்து, கடைசியில் எரிந்து விழுந்து விட்டுவிட்ட காரியம் அது. இவள் ஒரே நாளில் சாதித்தாள். அன்றிலிருந்து என் வாழ்க்கை நரகம்.

சாயங்காலம் ஆனால் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தலை பின்னுவாள். கை ஓயாது என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். அறை முழுக்க என் அம்மாவின் குரல் கேட்கும். "ஆத்தா, இன்னிக்கி நம்ம செவலை கன்னு போட்டுருச்சு. கெடேரிக்கன்னு. நெத்தியில வெள்ளையா ஒரு பொட்டு இருக்கு. ஒனக்குக் காட்டணும்னு இருக்கு." எங்கள் வீட்டு மாடு கன்று போட்ட செய்தி எனக்குக் கோயம்புத்தூர்க்காரியின் போன் வழியாக வருகிறது. எனக்கு வந்த குரல்செய்தியைப் போட்டுக் கேட்பேன். "சாப்ட்டியா. சளி தேவலையா." அவ்வளவுதான், மூச்சுவிடும் சத்தத்தோடு சேர்த்து.

அறந்தாங்கி அக்காவுக்கு என்னைப் பார்த்தாலே தெரிந்துவிடும். "என்னடி, வயிறு எரியிற வாடை இங்க வரைக்கும் வருது. மோட்டார் போடச் சொல்லவா?" என்பார். நான் தலையணையை அவர்மேல் எறிவேன். கோயம்புத்தூர்க்காரி ஒன்றும் புரியாமல் எங்களோடு சேர்ந்து சிரிப்பாள். அவள் சிரிக்கிறாளே என்று அதற்கும் ஒரு தரம் எரியும்.

இரண்டாவது வருடம் பள்ளிக்கூடங்களில் போய்ப் பாடம் நடத்துகிற பயிற்சி வந்தது. எனக்கு ஆலங்குடிப் பக்கம் ஒரு பள்ளி விழுந்தது. அவளுக்குக் கீரனூர். கீரனூர் எங்கள் ஊருக்குப் பக்கம். என் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம். எனக்கு அந்தப் பள்ளி கிடைத்திருந்தால் வீட்டில் தங்கிக்கொண்டே போய்வந்திருப்பேன். அவளுக்கு எதற்கு அது? யார் எழுதிய எழுத்தோ, அப்படித்தான் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவும் வந்தது.

எங்கள் ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரத்தில், கோவிலில் காப்புக் கட்டுவார்கள். கொட்டுச் சத்தம் ஊர் எல்லை வரைக்கும் போகும். அந்தச் சத்தம் கேட்கும்போது யார் எல்லைக்குள் இருந்தாலும், உள்ளூர்க்காரரோ விருந்தாளியோ, திருவிழா முடிகிற வரை ராத்திரி வேறு ஊரில் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது இறங்கினால் வந்துவிட வேண்டும். அதனால் வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள், படிக்கிறவர்கள் எல்லாரும் காப்புக்கு முன்னாலேயே பஸ் ஏறிவிடுவார்கள். திருவிழா அன்று திரும்பி வந்தால் போதும். நானும் அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். ஆலங்குடிக்கு எங்கள் ஊரிலிருந்து தினமும் மூன்று பஸ் மாறி நேரத்துக்குப் போய்ச்சேர நடக்காது.

காப்புக் கட்டிய அன்றே வீட்டு வீட்டுக்கு முளைப்பாரி போடுவார்கள். சட்டியில் வைக்கோலும் எருவும் மண்ணும் பரப்பி, ஊறவைத்த தானியத்தை விதைத்து, வெளிச்சம் படாத அறையில் ஒரு வாரம் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். திருவிழா அன்று அந்தந்த வீட்டுக் கன்னிப்பெண் அதைத் தலையில் வைத்துக் கோவிலுக்கு எடுத்துப்போவாள். எங்கள் வீட்டு முளைப்பாரியை எட்டாம் வகுப்பிலிருந்து நான்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு வீட்டில் ஆரம்பித்திருந்தது. அடுத்த திருவிழாவில் நான் எந்த ஊரில் யார் வீட்டில் இருப்பேனோ தெரியாது. அதனால் இந்த ஒரு வருடம் எனக்கு ரொம்ப முக்கியம். அம்மாவிடம் பலமுறை பேசி வைத்திருந்தேன். என் பெயரைச் சொல்லி அம்மா விதைக்க வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நான் வந்து எடுப்பேன். சரி சரி என்று அம்மாவும் சொல்லியிருந்தாள்.

காப்புக் கட்டும் ஞாயிறு அன்று காலையில், அம்மாவைப் பார்த்துவிட்டுச் சாயங்காலமே திரும்பிவிடலாம் என்று நான் ஊருக்குப் புறப்பட்டேன். "நானும் வாரேன் புள்ள, அந்தக் குகைக்கோயிலப் பாக்கோணும்" என்று கோயம்புத்தூர்க்காரி கூடவே கிளம்பினாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? குன்றாண்டார்கோவிலில் இறங்கிக் குகைக்கோவிலைக் காட்டிவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கன்றுக்குட்டியைப் பார்த்தாள். அதன் நெற்றிப் பொட்டைத் தடவினாள். கன்று அவள் கையை நக்கியது. யாரிடம் ஒட்ட வேண்டும் என்று அதற்கும் தெரிந்திருக்கிறது.

சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் பையோடு வாசலில் நிற்கிறேன். உள்ளே பார்த்தால், அம்மா அவளை முற்றத்தில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துத் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்த பெண்பிள்ளையைத் தலை பின்னிப் பூ வைக்காமல் அனுப்புவது எங்கள் பக்கம் கிடையாது. அது எனக்கும் தெரியும். ஆனால் மத்தியானம் முழுக்கச் சும்மாதானே இருந்தார்கள்?

"அம்மா, பஸ் வந்துரும்."

"அந்தா ஆச்சுடி."

"காப்புக் கட்டிருவாங்கம்மா."

"பாதிச் சடையோட எந்திரிக்கப்படாது. நீ போய் பஸ்ஸ நிப்பாட்டு, வந்துருவா."

பஸ்ஸை நிப்பாட்டினேன். ஓட்டுநர் ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தார். பஸ் முழுக்க எங்கள் ஊர் ஆட்கள், எல்லாருக்கும் எல்லையைத் தாண்டுகிற அவசரம். "அந்தப் புள்ள வருமா வராதா?" என்று கத்துகிறார்கள். நான் படியில் ஏறி நின்று கூப்பிட்டேன். பஸ் கிளம்பிவிட்டது. எங்கள் வீட்டைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வாசல் கதவு திறந்திருந்தது. அவள் கண்ணை மூடி, பூனை மாதிரி சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவின் விரல்கள் இன்னும் அவள் கூந்தலுக்குள். இறங்கியிருந்தால் நானும் மாட்டிக்கொண்டிருப்பேன், மறுநாள் ஆலங்குடியில் தலைமையாசிரியர் முன்னால் பாடம் எடுக்க வேண்டும். பஸ் எல்லையைத் தாண்டியது. பின்னால் கொட்டு முழங்கியது.

அவ்வளவுதான். அவள் எங்கள் ஊருக்குள் அகப்பட்டுக்கொண்டாள். இல்லை, அவளுக்கு எங்கள் ஊரே கிடைத்துவிட்டது.

அறைக்கு வந்து சேர்வதற்குள் அம்மாவின் குரல் வந்திருந்தது. எனக்கென்று அம்மா அனுப்பியதிலேயே அதுதான் நீளமானது. "இந்தா பாருடி, அந்தப் புள்ள இங்கிட்டே மாட்டிக்கிருச்சு. கீரனூரு பக்கந்தானே, இங்கிருந்தே போய்ட்டு வரட்டும். வீட்டுல கன்னிப்புள்ள இருக்கயில நான் எப்படி வெதைக்கிறது? பூசாரியும் அதத்தேன் சொன்னாரு. அது கையாலயே போட்டாச்சு. போட்ட கைதான் எடுக்கணும். நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத."

மனசில் வைத்துக்கொள்ளாதே என்றால் எங்கே வைப்பது? அந்தச் செய்தியை இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். அறந்தாங்கி அக்கா அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் கேலி செய்யவில்லை. நான் அழுதேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். "பின்னுறதுக்கு அவ்வளவு நேரமாக்கா ஆகும்? வேணுமின்னேதான் எங்கம்மா புடிச்சு வெச்சுக்கிருச்சு" என்றேன். "ஒங்கம்மாவையே நீ இப்புடிச் சொன்னா நான் என்னத்தடி சொல்றது" என்றார் அக்கா.

அந்த வாரம் முழுக்க ஜன்னலோரம் காலியாகக் கிடந்தது. என் பாயை அங்கே இழுத்துப் போட்டேன். காற்று நன்றாகத்தான் வந்தது. படுத்துக்கொண்டு யோசிப்பேன். முளைப்பாரிச் சட்டி வைத்திருக்கும் அறை என் துணிமணி இருக்கிற அறை. வீட்டில் வேறு இருட்டறை கிடையாது. முளைப்பாரியை வளர்க்கிறவள் தவிர வேறு யாரும் உள்ளே போய்ப் பார்க்கக் கூடாது. அப்படியென்றால் என் அறைக்குள் இப்போது அவள் மட்டும்தான் போகலாம். என் அம்மாகூடப் போக முடியாது.

நடுவில் ஒரு நாள் பயிற்சி வேலையாகக் கல்லூரிக்கு வந்தவள், பகலில் அறைக்கும் வந்தாள். கையில் எங்கள் வீட்டுத் தூக்குவாளி. தலையில் கனகாம்பரம். "அம்மா குடுத்துவுட்டாங்க, உனக்குப் புடிக்குமாமா" என்று என்னிடமே நீட்டினாள். என் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் இவள் தூது. திறந்தால் மொச்சைக் குழம்பு. தாளிக்காத குழம்பு. காப்புக் கட்டிவிட்டால் எங்கள் ஊரில் எண்ணெயில் தாளிக்க மாட்டார்கள்.

அந்த நேரம் நான் அடுப்பில் ரசத்துக்குக் கடுகு போட்டிருந்தேன். அது வெடித்த சத்தம் கேட்டதும் அவள் பதறிப்போய் உள்ளே வந்தாள்.

"ஐயோ, தாளிக்கறயா புள்ள? ஊர்ல காப்புக் கட்டியிருக்குதல்ல!"

என் ஊர். என் மாரியம்மன். இவள் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். "நான் எல்லைக்கு இங்கிட்டுதானே இருக்கேன். எனக்கென்ன காப்பு?" என்று கேட்டுவிட்டு இன்னும் ஒரு பிடி கடுகை அள்ளிப் போட்டேன். ரசம் கசந்தது. அறந்தாங்கி அக்கா மூன்று நாள் அதைச் சொல்லிச் சிரித்தார்.

போகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா வளந்திருக்குது புள்ள, வெரலு நீளம். நீ வந்து பாரு, சந்தோசப்படுவ" என்றாள். நன்றாக வளர்ந்துவிட்டதே என்று எனக்குத் துக்கமாக இருந்தது. முளைப்பாரி நன்றாக வளர்ந்தால் வீட்டுக்கு நல்லது என்பார்கள். நான் போட்ட வருடங்களில் ஒரு பக்கம் எப்போதும் கொஞ்சம் சொட்டையாக இருக்கும்.

திருவிழா ஞாயிறு அன்று காலையில் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினார்கள். ஒரு அம்மா, கையில் மூடிபோட்ட பெரிய எவர்சில்வர் பாத்திரம், அவர்கள் பேச்சில் போசி. கோயம்புத்தூர்க்காரியின் அம்மா. மகள் முளைப்பாரி எடுப்பதைப் பார்க்க முந்தைய நாளே கிளம்பி வந்திருக்கிறார். "ஊருக்கு வழி தெரியாது, ரூமுக்கு வந்தா புள்ளைங்க கூட்டிட்டுப் போவாங்கன்னு சொன்னாளுங்க" என்றார். போதாக்குறைக்கு இவரையும் நானே கூட்டிப்போக வேண்டும். அறந்தாங்கி அக்கா தன் ஊருக்குப் போயிருந்தார். இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

கீரனூர் வரைக்கும் அந்த அம்மா மடியில் போசியை அணைத்துப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கீரனூரில் கூட்டம் இறங்கியதும் என் பக்கம் திரும்பி, "உங்கம்மா நல்லாச் சமைப்பாங்களா கண்ணு?" என்றார்.

"சுமாரா சமைப்பாங்க."

"போன் போட்டா உங்கம்மா பேச்சுத்தான். அம்மா மொச்சக்கொழம்பு வெச்சாங்க, அம்மா தல வாரியுட்டாங்கன்னு. எந்த அம்மாடின்னு கேக்கோணும் போல இருக்குது. எங்கிட்ட இருக்கறப்ப எண்ணெ வைக்க உடமாட்டா. சீப்ப எடுத்தாலே ஓடிப்போயிருவா." சிரிக்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் போசியின் கைப்பிடியை அவர் விரல்கள் நெரித்துக்கொண்டிருந்தன.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு வருடத்தில் முதல்முறையாக என் பக்கம் ஓர் ஆள் கிடைத்திருக்கிறது. அதுவும் அவளைப் பெற்றவரே.

"எனக்கும் எங்கம்மா ஒண்ணுஞ் சொல்றதில்லைங்க. எல்லாம் அவகிட்டதான்" என்றேன். அந்த அம்மா என் தோளில் கிடந்த துப்பட்டாவைச் சரிசெய்துவிட்டார். மிச்ச வழியெல்லாம் ஒருத்தி மாற்றி ஒருத்தி குறை சொல்லிக்கொண்டே போனோம். அவ்வளவு நல்ல பஸ் பயணம் எனக்கு வாய்த்ததில்லை.

ஊரில் நுழைந்ததும் கோயம்புத்தூர்க்காரி ஓடிவந்து தன் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மஞ்சள் புடவை, என்னுடையது. "ஒப்புட்டுக் கொண்டாந்திருக்கறன் சாமி, உனக்குப் புடிக்குமேன்னு" என்று அந்த அம்மா போசியைத் திறக்கப் போனார். நாங்கள் போளி என்பதைத்தான் அவர்கள் ஒப்புட்டு என்கிறார்கள். "ஐயோ, இப்ப வேண்டாமுங்கம்மா, வெரதம்" என்று சொல்லிவிட்டு, "அம்மா கூப்புடறாங்க" என்று உள்ளே ஓடிவிட்டாள். எந்த அம்மா என்று யாரும் கேட்கவில்லை. அந்த அம்மா மூடியைத் திரும்ப அழுத்தினார்.

என் அம்மா எங்களை வாங்க என்றாள், தண்ணீர் கொடுத்தாள், அதற்குமேல் நிற்க அவளுக்கு நேரமில்லை. "சோறு எடுத்து வெச்சுருக்கேன், போட்டுத் தின்னுடி" என்று என்னிடம் சொன்னாள். எனக்குப் பசி இல்லை என்றேன். அவள் காதில் விழுந்ததோ என்னவோ, கொட்டுச் சத்தம் தெருவுக்கு வந்துவிட்டது.

முளைப்பாரி கிளம்பியது. தெருவை அடைத்துக்கொண்டு பெண்கள், தலையில் வெளிர்மஞ்சளாக முளைத்த பயிர்கள் ஆடிக்கொண்டே வருகின்றன. எங்கள் வீட்டுடையது எல்லாவற்றையும்விட உயரம். ஒரு பக்கம்கூடச் சொட்டை இல்லை. அவள் பயத்தோடு அடியெடுத்து வைக்கிறாள், என் அம்மா பக்கத்திலேயே அவள் முழங்கையைப் பிடித்தபடி நடக்கிறாள். நான் எடுத்த வருடங்களில் அம்மா என் முழங்கையைப் பிடித்ததில்லை. விழாமல் நடப்பேன் என்று தெரியும் போலிருக்கிறது. பார்க்க முடியாமல் நான் ஊருணிக் கரையில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே கோவில் திடல். சட்டிகளை இறக்கி நடுவில் வைத்து, சுற்றிக் கும்மி கொட்ட ஆரம்பித்தார்கள்.

"நீ எடுக்கலையா அம்மிணி?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுது அதுதாங்க" என்று கை காட்டினேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. போசியைத் திறந்து, ஓர் ஒப்புட்டை எடுத்து, இரண்டாக மடித்து, கையில் கொடுக்காமல் நேராக என் வாய்க்கே கொண்டுவந்தார். நெய்யும் தேங்காயும் மணந்தது. காலையிலிருந்து பட்டினி. வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். "மெல்லத் தின்னு கண்ணு" என்று முந்தானையால் என் வாயோரத்தைத் துடைத்துவிட்டார். இரண்டாவதையும் ஊட்டினார். மகளுக்கென்று சுட்டதெல்லாம் எனக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

அப்போது கும்மி வட்டத்தில் ஒரு தட்டுத் தவறியது. என் அம்மா கும்மியைப் பாதியில் விட்டுவிட்டு வட்டத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கும்மியில் பாதியில் எழுந்து வருகிற ஆள் இல்லை அவள். புடவையை இடுப்பில் செருகியபடி, ஊரே பார்க்க, விறுவிறுவென்று எங்களை நோக்கி வந்தாள். முகம் சிவந்து போயிருந்தது.

"ஏண்டி! ஒனக்குன்னு காலையில இருந்து சோத்த எடுத்து வெச்சுக்கிட்டு நான் ஒருத்தி கெடக்கேன். பசிக்கலைன்னுபுட்டு இங்கிட்டு வந்து ஊரார் கையில வாங்கித் திங்கிறியா? நான் ஊட்ட மாட்டேனா? எனக்குக் கையில்ல?"

வந்த விருந்தாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் அம்மா இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. ஒரு வருடமாக ஆத்தா, ஆத்தா என்று குழைந்த குரல் இல்லை இது. அவளுக்குப் பின்னால் கோயம்புத்தூர்க்காரியும் வந்து நின்று, காலியாகிக்கொண்டிருந்த போசியையும் தன் அம்மாவின் கை என் தோளில் இருப்பதையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த முகம் எனக்குப் புதிதில்லை. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது என் அம்மாவின் முகத்தைத்தான். வயிறு எரிவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஒரு வருடம் அதோடு ஒரே அறையில் குடியிருந்தவள் நான். என் அம்மாவுக்கு எரிகிறது. எனக்காக எரிகிறது.

எனக்கு வயிறு நிறைந்துவிட்டிருந்தது. இருந்தாலும் அம்மாவைப் பார்த்தபடியே அந்த அம்மாவின் பக்கம் கையை நீட்டினேன்.

"இன்னொண்ணு குடுங்கம்மா" என்றேன்.